20 கிலோ மூட்டையோடு 45 நிமிடம்: காட்டுத் தீயணைப்பு நடைத் தேர்வுக்குப் பினாங்கிலிருந்து தயாராவது எப்படி

4.83 கிலோமீட்டர் சமதளம், முதுகில் 20.4 கிலோ, 45 நிமிடம், ஓடக்கூடாது. அமெரிக்காவில் காட்டுத்தீ அணைக்கும் களப்பணிக்கும், ஆஸ்திரேலியாவில் விக்டோரியா போன்ற இடங்களில் அதே வேலைக்கும் வைக்கும் நடைத் தேர்வு இதுதான். பேக் டெஸ்ட் என்பார்கள். இங்கிருந்து அங்கே படிக்கவோ குடியேறவோ போகும் நம் பையன்களும் பெண்களும் இந்த வேலைக்கு மனுப்போடும்போது, "நடக்கத்தானே சொல்கிறார்கள்" என்று கடைசி இரண்டு வாரத்தில் மூட்டையைத் தூக்குகிறார்கள். அங்கேதான் வினை.

வாரம் மூன்று நாள் கால்பந்து ஆடுகிறவரும் ஜிம்மில் கனமான எடை தூக்குகிறவரும்கூட இதில் திணறுவதைப் பார்க்கலாம். உடம்பில் வலு இல்லாமல் இல்லை, பயிற்சியின் வரிசைதான் தப்பு. வேகம் முதலில், சுமை பிறகு, இரண்டும் சேர்ந்து கடைசியில். இதைத் தலைகீழாகச் செய்தால் முழங்காலோ கெண்டைக்காலோ முதல் மாதத்திலேயே கையை விரித்துவிடும்.

1. உங்களுக்கு எந்தத் தேர்வு என்று முதலில் பாருங்கள்

மூன்று நிலைகள் இருக்கின்றன. கடுமையான களப்பணிக்கு மேலே சொன்னது. நடுத்தரப் பணிக்கு 3.2 கிலோமீட்டர், 11.3 கிலோ, 30 நிமிடம். இலேசான பணிக்கு 1.6 கிலோமீட்டர், சுமை இல்லை, 16 நிமிடம். மனுவில் எந்த நிலை கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று: முதல் இரண்டு நிலைக்கும் வேகம் ஒன்றேதான், மணிக்கு சுமார் 6.4 கிலோமீட்டர். சுமையும் தூரமும்தான் மாறுகின்றன. அதனால் கீழே இருக்கும் முதல் மூன்று வாரப் பயிற்சி இரண்டுக்கும் அப்படியே பொருந்தும்.

கனடாவுக்குப் போகிறவர்கள் இதை மட்டும் நம்ப வேண்டாம். அங்கே பம்பு தூக்குவது, குழாய் மூட்டை சுமந்து மேடு ஏறி இறங்குவது, தண்ணீர் நிரம்பிய குழாயை இழுப்பது என்று தேர்வே வேறு மாதிரி. இந்தப் பயிற்சி அதற்கு அடித்தளமாக உதவும், அவ்வளவுதான்.

2. டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்

தேர்வுக்கு முன் உடல்நலக் கேள்விப் படிவம் ஒன்று தருவார்கள். நெஞ்சு வலி, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, சர்க்கரை, முழங்கால், முதுகு என்று கேட்பார்கள். அதைத் தேர்வு நாளில் நிரப்பிக்கொள்ளலாம் என்று விடாமல், இப்போதே கிளினிக்கில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். நம் வீடுகளில் சர்க்கரையும் இதய நோயும் எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும், அப்பாவுக்கோ மாமாவுக்கோ சிறுவயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. இந்த நடைத் தேர்வின்போதே மயங்கி விழுந்து இறந்தவர்கள் உண்டு. படிவத்தில் "இல்லை, இல்லை" என்று வரிசையாக டிக் அடிப்பது கெட்டிக்காரத்தனம் ஆகாது.

3. வாங்க வேண்டியதும் வேண்டாததும்

காலணி: கணுக்காலை மூடும் ஹைக்கிங் பூட்ஸ். மாலையில் போய் வாங்குங்கள், பகலெல்லாம் நின்று நடந்த கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும், சுமை ஏறினாலும் அப்படித்தான் வீங்கும். விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கொடுத்த இரும்பு முனை சேஃப்டி ஷூ வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று அதில் பழகுகிறவர்கள் நிறையப் பேர். அது கனம், அடிப்பாகம் வளையாது, வேக நடையில் நகம் கறுத்துப்போகும். வேண்டாம்.

காலுறை: பருத்தி கூடாது. நம் ஊர் ஈரப்பதத்தில் அது வியர்வையைக் குடித்துவிட்டு ஊறிப்போய்க் கொப்புளம் போடும். செயற்கை இழை அல்லது கம்பளி கலந்தது வாங்குங்கள். உள்ளே ஒரு மெல்லிய காலுறையும் போட்டுக்கொண்டால் உராய்வு இரண்டு துணிகளுக்கு நடுவில் போய்விடும்.

பை: இடுப்புப் பட்டை உள்ளதாக இருக்க வேண்டும். இதில் சமரசமே இல்லை. லேப்டாப் பையில் அரிசியைத் திணித்தால் மொத்த எடையும் தோளில் தொங்கும், பதினைந்து நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போகும்.

சுமை: அரிசிதான் சிறந்தது. 5 கிலோ, 10 கிலோ பைகளாகக் கிடைக்கிறது, முதுகின் வளைவுக்கு ஒத்துப் படியும், பிறகு சமைக்கவும் செய்யலாம். வெளியே ஒரு பிளாஸ்டிக் பை சுற்றுங்கள், வியர்வை இறங்கினால் அரிசி நாறிவிடும். மிச்ச எடைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல்கள், ஒரு லிட்டர் ஒரு கிலோ என்று கணக்கு சுலபம். இரும்புத் தட்டுகளைப் போட்டால் அவை பையின் அடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு அடிக்கும் முதுகில் இடிக்கும்.

20.4 கிலோ என்பது பையின் எடையும் சேர்த்து. வீட்டுத் தராசில் பையோடு ஒரு தடவை, பை இல்லாமல் ஒரு தடவை ஏறி நின்று கழித்துப் பாருங்கள். கையில் தூக்கிப் பார்த்து "இருபது இருக்கும்" என்று சொல்கிற எடை பெரும்பாலும் பதினாறுதான் இருக்கும்.

4. அளந்த இடம் வேண்டும்

கைப்பேசிச் செயலி காட்டும் தூரத்தை நம்பி நேரம் கணக்கிடாதீர்கள். 45 நிமிடத்தில் அரை நிமிடம் கூடினாலும் தோல்விதான், மரத்தடியிலும் கட்டடத்துக்குப் பக்கத்திலும் ஜிபிஎஸ் அதைவிட அதிகமாகவே ஏமாற்றும். 400 மீட்டர் ஓடுதளம்தான் சரி. டத்தோ கிராமாட் சாலையில் இருக்கும் நகர அரங்கத்தில் பொதுமக்களை விடும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். உள் வளையத்தில் 12 சுற்று, அதற்குமேல் ஒரு 28 மீட்டர், அதுதான் 4.83 கிலோமீட்டர்.

ஒரு சுற்றுக்கு உங்களுக்குக் கிடைப்பது 3 நிமிடம் 43 வினாடி. இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பயிற்சியில் 3 நிமிடம் 35 வினாடியைக் குறி வைத்தால் 43 நிமிடம் சொச்சத்தில் முடிப்பீர்கள், அந்த ஒன்றே முக்கால் நிமிடம் தேர்வு நாளின் பதற்றத்துக்கும் அவிழ்ந்த ஷூ கயிறுக்கும் கைகொடுக்கும்.

ஓடுதளம் கிடைக்காத நாளில் கர்பால் சிங் டிரைவின் கடலோர நடைபாதை போதும். சமதளம், காற்றும் உண்டு. ஞாயிறு மாலையில் மட்டும் போகாதீர்கள், சைக்கிளும் தள்ளுவண்டியும் குடும்பங்களுமாக இருக்கும், வேகம் பிடிக்கவே முடியாது. டிரெட்மில் என்றால் 6.5 இல் வைத்து, கைப்பிடியைத் தொடாமல் நடங்கள். பிடித்துக்கொண்டு நடந்த கிலோமீட்டர் எதுவும் கணக்கில் வராது.

5. முதல் மூன்று வாரம்: மூட்டையைத் தொடாதீர்கள்

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. மணிக்கு 6.4 கிலோமீட்டர் என்பது பலருக்கு நடையும் ஓட்டமும் உரசிக்கொள்ளும் வேகம். உடம்பு தானாக ஓட்டத்துக்கு மாறப் பார்க்கும், அதைத் தடுத்து நடையிலேயே வைத்திருக்கத் தனிப் பழக்கம் வேண்டும். தேர்வில் எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் எச்சரிப்பார்கள், திரும்பச் செய்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். தினமும் 5 கிலோமீட்டர் ஓடுகிறவர்கூட இந்த வேக நடையில் பத்து நிமிடத்தில் முன்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார், ஏனென்றால் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசையை ஓட்டம் இந்த அளவுக்கு வேலை வாங்குவதில்லை.

எட்டி எட்டி அடி வைக்காதீர்கள். நீண்ட அடி வைத்தால் குதிகால் உடம்புக்கு வெகு முன்னால் ஊன்றி, ஒவ்வொரு அடியும் பிரேக் போட்ட மாதிரி ஆகும், சுமை ஏறியதும் அந்த இடி முழங்காலுக்குப் போகும். அடியைச் சின்னதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 75 சென்டிமீட்டர் அடி வைக்கிறவருக்கு நிமிடத்துக்கு 143 அடி தேவைப்படும். அந்தத் தாளத்தில் ஒரு பாட்டையோ மெட்ரோனோம் செயலியையோ காதில் போட்டுக்கொள்ளலாம், தேர்வில் காதுக்கருவி அனுமதிப்பார்களா என்பது வேறு விஷயம், அதற்குள் கால் பழகியிருக்கும். முழங்கையை மடக்கி வீசுங்கள், கை வேகமானால் காலும் வேகமாகும்.

வாரத்துக்கு மூன்று நடை. செவ்வாய் 3 கிலோமீட்டர் வேகமாக. வியாழன் ஒரு சுற்று வேகம், அரைச் சுற்று மெதுவாக, இப்படி ஆறு தடவை. ஞாயிறு 6 அல்லது 7 கிலோமீட்டர் பேசிக்கொண்டே நடக்கிற வேகத்தில். இடையில் ஒரு நாள் மெது ஓட்டமோ சைக்கிளோ, மூச்சு வளர்வதற்காக. ஒவ்வொரு நடைக்கும் முன்னால் குதிகாலிலேயே 20 அடி, நுனிக்காலிலேயே 20 அடி நடந்து முன்காலைச் சூடாக்குங்கள்.

ஷிஃப்ட் வேலை செய்கிறவர்கள் கிழமையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், இடைவெளியை மட்டும் காப்பாற்றுங்கள். 12 மணி நேர இரவு ஷிஃப்ட் முடித்த காலையில் நேராக நடைக்குப் போவது வேண்டவே வேண்டாம். தூங்கி எழுந்து மாலையில் போங்கள்.

சுமை இல்லாமல் முழுத் தூரத்தை 42 நிமிடத்தில் முடித்துவிட்டால் அடுத்த கட்டம். முடியவில்லையா, இன்னொரு வாரம் இங்கேயே இருங்கள். காலண்டரைப் பார்த்துச் சுமை ஏற்றாதீர்கள்.

6. மூட்டையை மாட்டும் வரிசை

எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு ஆரம்பியுங்கள். முதலில் இடுப்புப் பட்டை: இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்கார்ந்து இறுக வேண்டும், வயிற்றில் அல்ல. அப்புறம் தோள் பட்டை, தோளைத் தொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும். பிறகு தோளுக்கு மேலே பையின் உச்சியை இழுக்கும் சின்னப் பட்டைகள். கடைசியாக மார்புப் பட்டை.

தோளை முதலில் இறுக்கினால் பை மேலே ஏறிவிடும், இடுப்புக்குப் பாரமே இறங்காது. புதியவர்கள் பத்துக்கு எட்டுப் பேர் இப்படித்தான் மாட்டுகிறார்கள்.

கனமான பொருள் முதுகை ஒட்டி, நடு முதுகு உயரத்தில் இருக்கட்டும். தூரமாக இருந்தால் பின்னால் இழுக்கும், அதைச் சமாளிக்க நீங்கள் இடுப்பில் கூனுவீர்கள், நுரையீரல் விரிய இடம் இருக்காது. நடக்கும்போது கை மரத்துப்போனால் தோள் பட்டையைக் கொஞ்சம் தளர்த்தி இடுப்பை இறுக்குங்கள். தேர்வில் அவர்கள் பையையே கொடுத்தாலும் கொடுப்பார்கள், அதனால் கண்ணாடி பார்க்காமல், யார் உதவியும் இல்லாமல் ஒரு நிமிடத்தில் இந்த வரிசையைச் செய்யப் பழகிக்கொள்ளுங்கள்.

7. நான்காவது வாரத்திலிருந்து சுமை

11 கிலோவில் தொடங்குங்கள். பிறகு வாரத்துக்கு இரண்டு, இரண்டரை கிலோ. கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்: நான்காம் வாரம் 11, ஐந்தாவது 13.5, ஆறாவது 16, ஏழாவது 18, எட்டாவது 20.4. மூச்சு இரண்டு வாரத்தில் பழகிவிடும், தசைநாரும் மூட்டு நாரும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. "எனக்கு இலேசாக இருக்கிறதே" என்று ஒரே வாரத்தில் 11 இலிருந்து 18 க்குத் தாவுகிறவர்கள் அதற்கடுத்த வாரம் பெரும்பாலும் நொண்டுகிறார்கள்.

சுமையோடு நடப்பது வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும், நடுவில் இரண்டு நாள் இடைவெளியோடு. மூன்றாவது நடை சுமை இல்லாமல் வேகத்துக்கு. இதை விட்டுவிட்டால் சுமைக்குப் பழகிப் பழகி நடை மெதுவாகிவிடும், எட்டாவது வாரத்தில் 20 கிலோவைச் சுகமாகத் தூக்கிக்கொண்டு 50 நிமிடத்தில் வந்து நிற்பீர்கள்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தோளுக்கும் மனதுக்கும் பாரம் புதிதல்ல, அது நிஜமாகவே உதவும். ஆனால் ஊர்வலத்தில் நின்று நின்று போகும் நடை வேறு, இது விடாத வேகம். சுமையில் ஒரு படி முன்னால் இருக்கிறீர்கள் என்பதற்காக ஐந்தாம் எண் பகுதியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

ஓடுவது மட்டும் கூடாது. மூட்டையோடு ஓடினால் முழங்காலில் விழும் அடி பல மடங்காகும், தேர்வில் அனுமதியும் இல்லாத ஒன்றுக்காக எதற்கு அந்தக் காயம்?

8. வாரம் ஒரு முறை மலை

தேர்வு சமதளத்தில்தான். ஆனாலும் ஏற்றம் ஏறினால் அதே வேகம் இல்லாமலே இதயத்துக்கும் தொடைக்கும் கடும் வேலை கிடைக்கும், மூட்டுக்கு இடி குறைவு. தாவரவியல் பூங்கா வாசல் பக்கமிருந்து கொடிமலை உச்சிக்குப் போகும் ஜீப் பாதை இதற்கென்றே அமைந்த மாதிரி. 5 கிலோமீட்டர் போல, விடாத ஏற்றம். முதல் சில வாரங்கள் 84 என்று எல்லாரும் சொல்லும் தேநீர் ஓய்விடம் வரை போதும்.

இறக்கத்தில்தான் ஆபத்து. சுமையோடு இறங்கும்போது முழங்கால் கதறும், நனைந்த பாதையில் பூட்ஸ் வழுக்கும். அதனால் மலைக்கு அரிசி வேண்டாம், எடை முழுக்கத் தண்ணீராக இருக்கட்டும். மேலே போனதும் குடிக்க வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்குங்கள். உச்சிவரை போனால் மலை ரயிலில் இறங்கி வந்தாலும் தப்பில்லை.

பக்கத்திலிருக்கும் தண்ணீர்மலைக் கோயில் படிகளில் பயிற்சி செய்யலாமா என்று சிலர் யோசிப்பார்கள். மூட்டையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு ஏறும் இடமில்லை அது. உங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஏறுவது காலால், இறங்குவது லிஃப்டில்.

9. வலுப் பயிற்சி

வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் போதும். ஸ்குவாட், உயரமான படியில் ஏறி இறங்குவது, நுனிக்காலில் எழும்புவது, பிளாங்க், அப்புறம் இரண்டு கையிலும் 10 கிலோ அரிசிப் பை பிடித்துக்கொண்டு நடப்பது. சுவரில் சாய்ந்து நின்று குதிகால் தரையில் இருக்க முன்பாதத்தை மட்டும் 20 தடவை தூக்குவதை மறக்காதீர்கள், முன்கால் வலிக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

சுமை நடைக்கு முந்தின நாள் தொடைப் பயிற்சி செய்யாதீர்கள்.

10. வெயில், தண்ணீர், புகைமூட்டம்

இங்கே பொழுது விடிவதே ஏழு மணிக்கு மேல்தான், அதனால் ஆறு மணிக்கு ஆரம்பித்து வெயிலுக்கு முன் முடித்துவிடலாம். இருட்டில் ஒளி பட்டால் மின்னும் சட்டையும் ஒரு சின்ன விளக்கும் அவசியம்.

நடைக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. அதைச் சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து ஈடுசெய்யுங்கள், உப்பும் சேரட்டும், ஹண்ட்ரட் பிளஸோ உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ எதுவானாலும் சரி. வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் மடமடவென்று குடிப்பதும் ஆபத்துதான், ரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றும்.

கூட நடப்பவர் பேச்சுக் குழறினால், தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் பயிற்சி முடிந்தது. மூட்டையைக் கழற்றி, நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, 999 க்கு அழையுங்கள். முதலில் குளிர்விக்க வேண்டும், ஆம்புலன்சுக்காகச் சும்மா காத்திருக்கக்கூடாது.

சுமத்ராவில் எரிந்து இங்கே புகை மூடும் மாதங்களில் காற்றுத் தூய்மைக் குறியீட்டைப் பாருங்கள். 100 ஐத் தாண்டினால் வெளியே வேக நடை வேண்டாம். தீயணைப்பு வேலைக்குத்தானே போகிறோம், புகைக்குப் பழகலாமே என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள், நுரையீரல் புகைக்குப் பழகாது.

ஆஸ்திரேலியாவில் கோடைக்காற்று வறண்டது. வியர்த்தவுடனே காய்ந்துவிடும், நனைந்த சட்டையை வைத்துக் கணக்குப் போட்டுப் பழகிய நமக்குத் தண்ணீர் போவதே தெரியாது. தேர்வுக்குச் சில நாள் முன்னதாகப் போய்ச் சேர முடிந்தால் நல்லது.

11. கடைசி இரண்டு வாரமும் தேர்வு நாளும்

ஒன்பதாவது வாரத்தில் முழுத் தூரம், முழுச் சுமை, கடிகாரத்தோடு ஒரு முறை. தேர்வு நாளில் போடப்போகும் அதே பூட்ஸ், அதே காலுறை. 44 நிமிடத்துக்குள் வந்தால் போதும், தினமும் அதைத் திரும்பச் செய்து பார்க்காதீர்கள். பத்தாவது வாரம் சுமையைப் பாதியாக்கி இரண்டு குறுநடை, தேர்வுக்கு முந்தின இரண்டு நாள் ஓய்வு. பயம் தாங்காமல் முந்தின நாள் "ஒரே ஒரு தடவை" நடந்து பார்ப்பதுதான் கடைசி நேரத் தவறுகளில் முதலிடம்.

தேர்வுக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் முன்பு பசியாறுங்கள். இட்லி, ரொட்டி, வாழைப்பழம், இப்படி வயிற்றில் நிற்காத ஏதாவது. நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் முடிந்தபிறகு. எண்ணெயும் தேங்காய்ப்பாலும் செரிக்க நேரமாகும், இடுப்புப் பட்டை வேறு வயிற்றை அழுத்தும்.

புறப்பாட்டில் எல்லாரும் பறப்பார்கள். நீங்கள் முதல் சுற்றை 3 நிமிடம் 40 வினாடியில் முடியுங்கள், அதற்கு முன்னால் போகாதீர்கள். மூன்றாவது சுற்றில் மூச்சு நிலைக்கு வந்ததும் 3:35 க்கு இறங்கிப் பத்தாவது வரை அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றுகளை நீங்களும் எண்ணுங்கள், கடிகாரத்தில் சுற்றுக்கொரு தடவை அழுத்தினால் போதும். கடைசிச் சுற்றில் பக்கத்தில் இருப்பவர் துள்ள ஆரம்பித்தால் உங்கள் காலும் துள்ளப் பார்க்கும், அப்போது அடியைச் சின்னதாக்கிக் கையை வேகமாக வீசுங்கள். முடிந்ததும் உட்காராதீர்கள், மூட்டையைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் மெதுவாக நடங்கள், சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தங்கி மயக்கம் வரும்.

12. நேரம் தவறினால்

மறுவாய்ப்பு உண்டா, எப்போது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு கடிகாரத்தில் பதிவான சுற்று நேரங்களை எடுத்துப் பாருங்கள். முதல் மூன்று சுற்று 3:20, பிறகு படிப்படியாக நான்கு நிமிடத்தைத் தாண்டியிருந்தால் புறப்பாட்டு வேகம்தான் குற்றவாளி, உடம்பில் குறையில்லை. ஏழு, எட்டு வரை ஒழுங்காகப் போய்ப் பிறகு தோளோ கையோ தாங்காமல் சரிந்திருந்தால் ஆறாம் எண் பகுதிக்குத் திரும்புங்கள், பை சரியாக உட்காரவில்லை. ஆரம்பம் முதலே எல்லாச் சுற்றும் ஒரே மாதிரி 3:50 என்றால் சுமையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு வாரம் வெறும் வேக நடை, அதன்பிறகு 16 கிலோவிலிருந்து மறுபடி ஏற்றுங்கள்.